அத்தைப்பாட்டி கேட்ட டிசைன்

வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் போதும், எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு ஜாபிதா நீட்டிவிடுவார்கள். ஜெர்மனி என்றதும் தம்பி கைக்கடிகாரம் கேட்டான். அண்ணி சாக்லேட் கேட்டாள். குழந்தைகளுக்காகத்தான் என்று சத்தியமும் செய்தாள்! திருவல்லிக்கேணியில் இருக்கும் அத்தைப்பாட்டி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குப் புதுசா ஒரு டிசைன் கொண்டு வா. பூவும் கிளியும் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு" என்றாள்.

அத்தைப்பாட்டிக்கு வயது 82. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிட மாட்டாள். எங்கள் உறவினர் வீடு எதுவானாலும் சரி, உள்ளே நுழைந்தால் அத்தைப்பாட்டி தைத்துக் கொடுத்த தலையணை உறையோ, மேஜை விரிப்போ, குழந்தைக்கான மெத்தை விரிப்போ கண்ணில் படாமல் இராது. ஆனால் அவள் கற்க ஆசைப்பட்டது தையல் அல்ல. பதினேழு வயதில் சித்திரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். "பெண் குழந்தைக்குச் சித்திரம் எதுக்கு? தையல் வகுப்பிலே சேர்த்துவிடு. போகிற இடத்திலே உதவும்" என்று தீர்ப்பாகிவிட்டது. இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. பேச்சு வாக்கில் ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான்.

பெர்லினில் என் வேலை முடிந்தபோது ஒன்றரை நாள் மிச்சமிருந்தது. "டெஸ்ஸௌவுக்குப் போய்விட்டு வா. உன் அத்தைப்பாட்டிக்கு வேண்டியது அங்கே கிடைக்கும்" என்றாள் அங்குள்ள சிநேகிதி. டெஸ்ஸௌவில் பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளி இருந்தது என்பதைக் கல்லூரி நாட்களில் படித்திருக்கிறேன். பெட்டி மாதிரிக் கட்டடங்கள், இரும்புக் குழாய் நாற்காலிகள் இவைதாம் ஞாபகத்தில் இருந்தன. அங்கே போய்த் தலையணை உறைக்கு டிசைன் தேடுவதா? வைர வியாபாரியிடம் போய் உப்பு கேட்கிற கதையாக அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

ரயிலில் ஒரு கேள்வி

பெர்லினிலிருந்து டெஸ்ஸௌ இரண்டு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரந்தான். பைன் மரக் காடுகளுக்கு நடுவே அவசரமில்லாமல் போகிற ரயில். குளிருக்குப் பயந்து கம்பளிக் கோட்டு மாட்டியிருந்தாலும், உள்ளே நான் கட்டியிருந்தது அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய கட்டங்கள் போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கி. எதிரில் உட்கார்ந்திருந்த மூதாட்டி அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும். இது பௌஹௌஸ் அருங்காட்சியகத்துக் கடையில் வாங்கிய துணியா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லையம்மா, இது எங்கள் ஊர்த் துணி. இந்தக் கட்டங்கள் காலங்காலமாக இருப்பவை" என்றேன்.

"அப்படியா! மிகவும் அழகு. யார் செய்த டிசைன்?"

"எங்கள் நெசவாளர்கள்தாம். யாரோ..."

"யாரோ என்றால்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து எல்பே நதிப் பாலம் வந்தது. நதியை ரசிப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அந்த "யாரோ" என்னோடு கூடவே டெஸ்ஸௌவில் இறங்கிவிட்டது.

கண்ணாடி மாளிகை

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. மரங்கள் நிறைந்த அமைதியான தெரு. ஒரு திருப்பத்தில் சட்டென்று அந்தக் கட்டடம் எதிரே நிற்கிறது. ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். மூன்று மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. சுவரில் மேலிருந்து கீழாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, பௌஹௌஸ் என்று பெரிய எழுத்துக்கள். கோபுரம் இல்லை, தூண் இல்லை, ஒரு கொடி கூடச் செதுக்கவில்லை. இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பள்ளி பிறந்தது இந்த ஊரில் அல்ல. முதல் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், 1919-ல், வைமார் நகரத்தில் வால்டர் கிரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் இதை ஆரம்பித்தார். சித்திரக்காரர், தச்சர், நெசவாளர் என்று தனித்தனியே பிரிந்து கிடக்காமல் எல்லோரும் சேர்ந்து மனிதர்கள் வாழும் வீட்டை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அங்கே ஆட்சிக்கு வந்தவர்கள் பணத்தைக் குறைத்துவிடவே, பள்ளி 1925-ல் டெஸ்ஸௌவுக்குக் குடிபெயர்ந்தது. கிரோப்பியஸ் வரைந்த இந்தக் கட்டடம் 1926-ம் வருஷம் டிசம்பர் 4-ம் தேதி திறக்கப்பட்டது. 1945 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் கண்ணாடிச் சுவர் நொறுங்கிப் போயிற்று. பிறகு 1976-ல் பழையபடி புதுப்பித்தார்கள். 1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

கட்டடத்தின் ஒரு பகுதியில் மாணவர்கள் தங்கிய 28 அறைகள் இருக்கின்றன. என்னைப் போன்ற யாத்திரிகர்களுக்கு அவற்றை இப்போது வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. குளியலறை தாழ்வாரத்தில், எல்லோருக்கும் பொது. நம் ஊர் மாணவிகள் விடுதியை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஜன்னல் இருக்கிறதே, அது சுவரின் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது!

முக்கோணம், சதுரம், வட்டம்

இந்தப் பள்ளியில் யார் யார் பாடம் சொன்னார்கள் தெரியுமா? ருஷ்யாவிலிருந்து வந்த காண்டின்ஸ்கி, ஸ்விட்சர்லாந்தில் பிறந்த பால் க்ளே. மரம் வரைந்தால் மரம், மனிதன் வரைந்தால் மனிதன் என்றிருந்த சித்திர உலகத்தைத் தலைகீழாகப் புரட்டியவர்கள் இவர்கள். "இது என்ன உருவம்?" என்று கேட்டால், உருவமே இல்லை; கோடும் நிறமும் மட்டுமே சித்திரமாகக் கூடாதா, சங்கீதத்தில் ஸ்வரங்கள் மட்டும் போதவில்லையா என்று திருப்பிக் கேட்டவர்கள். இதைத்தான் அரூப ஓவியம் என்கிறோம்.

காண்டின்ஸ்கி 1923-ல் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, முக்கோணம், சதுரம், வட்டம் இந்த மூன்றில் எதற்கு மஞ்சள், எதற்குச் சிவப்பு, எதற்கு நீலம் பொருந்தும் என்று நிரப்பச் சொன்னாராம். முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்பது அவருடைய கட்சி. வாசகியரும் யோசித்துப் பார்க்கலாம். நான் வட்டத்துக்குச் சிவப்பைத்தான் கொடுப்பேன். குங்குமம் வைத்துப் பழகிய கண் அல்லவா!

இந்தச் சித்திரங்களை நம் நாட்டார் அப்போதே பார்த்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் பௌஹௌஸிலிருந்து க்ளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படங்கள் கப்பலேறி வந்தன.

தறிக்கு அனுப்பப்பட்டவர்கள்

பள்ளி திறந்தபோது ஆண், பெண் என்ற வித்தியாசம் இங்கே கிடையாது என்று அறிவித்தார்கள். பெண்கள் சும்மா இருப்பார்களா? முதல் பருவத்தில் சேர்ந்தவர்களில் பெண்கள் 84, ஆண்கள் 79! பெரியவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. இத்தனை பெண்கள் சேர்ந்தால் பள்ளிக்கு மதிப்புக் குறையுமோ என்ற கவலை. அடுத்த வருஷமே, பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கு அனுப்புவது என்று வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குத் திருவல்லிக்கேணி ஞாபகம் வந்தது. "தையல் வகுப்பிலே சேர்த்துவிடு" என்ற அதே தீர்ப்பு. ஊரும் பாஷையும்தான் வேறே.

கெர்ட்ரூட் ஆர்ன்ட் என்ற பெண் 1923-ல் வந்தாள். கட்டடக் கலை கற்க வேண்டும் என்பது அவள் ஆசை. கிடைத்தது தறி. நெசவு கற்று, நீலமும் மஞ்சளும் சாம்பலுமாகச் சதுரங்கள் போட்ட ஒரு கம்பளத்தை அவள் வடிவமைத்தாள். அது விரிக்கப்பட்ட இடம் வைமாரில் கட்டடக் கலைஞர் கிரோப்பியஸின் சொந்த அறை! பெர்லினிலிருந்து 1922-ல் வந்த இன்னொருத்திக்குக் கண்ணாடி வேலையில் நாட்டம். அவளுக்கும் தறிதான் கிடைத்தது. நூல் வேலை வலுவில்லாதவர்கள் செய்கிற வேலை என்று முதலில் அவளே முகத்தைச் சுளித்தாளாம். பின்னாளில் உலகம் அவளை ஆன்னி ஆல்பர்ஸ் என்று அறிந்தது.

குன்ட்டா ஷ்டோல்ஸ்ல் கதை சற்று வேறு. மியூனிக்கைச் சேர்ந்தவள். யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணிவிடை செய்துவிட்டு 1919-ல் பள்ளியில் சேர்ந்தாள். நெசவுப் பட்டறையில் சாயம் தோய்க்கச் சொல்லிக் கொடுக்கச் சரியான ஆள் இல்லை என்று கண்டு, கிரேஃபெல்ட் என்ற ஊருக்குப் போய்ச் சாயத் தொழில் கற்று வந்தாள். 1927-ல் பட்டறை முழுவதும் அவள் பொறுப்பில் வந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்த அந்தப் பள்ளியில் ஒரு பட்டறைக்குத் தலைவியாக அமர்ந்த முதல் பெண் அவள்தான்.

படம் வேறே, துணி வேறே

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருப்பது பட்டறைப் பகுதி. இப்போது அங்கே தறிகள் இல்லை. வெளிச்சம் மட்டும் குறைவில்லாமல் கொட்டுகிறது. ஆறு கஜம் புடவையைக் கூட அங்கே விரித்து நூல் நூலாக எண்ணலாம் போல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் தறிச் சத்தத்தைக் கற்பனை செய்துகொண்டு சற்று நேரம் நின்றேன்.

ஆரம்பத்தில் வைமாரில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? சுவரில் மாட்டியிருந்த நவீன சித்திரத்தைப் பார்த்து அதையே கம்பளியில் நெய்தார்கள். கம்பளியால் ஆன படம்! அழகாகத்தான் இருந்தது. ஆனால் தறி சும்மா இருக்கவில்லை. மெதுவாக அவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது.

சித்திரக்காரனின் தூரிகை எந்தப் பக்கமும் ஓடும். தறியில் அப்படி முடியுமா? நெடுக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி கிடையாது. வட்டம் நெய்தால் கூர்ந்து பார்க்கும்போது படிப்படியாகத் தெரியும். ஆனால் கோடும் கட்டமும்? அவை தறிக்குப் பிறவிக் குணம். யோசித்துப் பாருங்கள்! பெரிய பெரிய சித்திரக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு, மரத்தையும் மனிதனையும் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வந்து சேர்ந்த கோடும் சதுரமும் தறியில் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தன! "உங்களுக்கு இது போதும்" என்று ஒதுக்கிவிட்ட இடத்திலேயே அரூப ஓவியத்தின் வேர் இருந்தது. அந்தப் பெண்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

டெஸ்ஸௌவில் க்ளே அவர்களுக்கு 1927 முதல் வகுப்பு எடுத்தார். ஒரு சதுரம் எடுத்துக்கொள், அதைப் பட்டைகளாகப் பிரி, திருப்பிப் போடு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போடு, ஒரு நிறம் இன்னொரு நிறமாகப் படிப்படியாக எப்படி மாறுகிறது என்று பார். இதுதான் பாடம். மாணவிகள் தாளில் நீர்வர்ணத்தால் டிசைன் வரைந்து, பிறகு தறிக்குக் கொண்டு போனார்கள். அங்கே பாதி டிசைன் மாறிவிடும். தாளில் சிவப்பு சிவப்புத்தான். துணியில் பட்டுச் சிவப்பு பளபளக்கும், பருத்திச் சிவப்பு அடங்கியிருக்கும், கம்பளிச் சிவப்பு வெளிச்சத்தையே விழுங்கிவிடும். புடவைக் கடையில் ஒரே சிவப்பை மூன்று தினுசில் பார்த்து மயங்கி நின்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

ஷ்டோல்ஸ்ல் 1927, 28-ல் நெய்த ஒரு சிவப்பு பச்சைத் தொங்கல் திரை மிகப் பிரசித்தம். அலைகளும் கட்டங்களும் பட்டைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அதில் விளையாடுகின்றன. ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் இடத்தில் ஊடை நூலை அங்கேயே திருப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் இடையே மெல்லிய பிளவு விழும். அந்தப் பிளவே கோடு போட்டதுபோல் நிறங்களைப் பிரித்துக் காட்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் செய்வது இதற்கு நேர் எதிர். அங்கே உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கைகோத்துக்கொள்ளும், பிளவே விழாது. பிரச்னை ஒன்றுதான். தீர்த்த விதம் இரண்டு.

ஆன்னி ஆல்பர்ஸ் வேறு வழியில் போனாள். பெர்லினுக்கு அருகே பெர்னௌ என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றைக் கட்டினார்கள். அதன் மண்டபத்தில் எதிரொலி தொந்தரவாக இருந்தது. அதற்காக அவள் ஒரு சுவர்த் துணி நெய்தாள். முன்புறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப செலோபேன் இழை. பின்புறம் சத்தத்தை உறிஞ்ச மெத்தென்ற பருத்தி நூல். 1930-ல் அவளுக்குப் பட்டயம் வாங்கிக் கொடுத்தது இந்தத் துணிதான். அதே வருஷம் பெர்லின் கம்பெனி ஒன்று பௌஹௌஸ் துணிகளைத் தயாரித்து விற்க ஒப்பந்தம் செய்துகொண்டது. மதிப்பைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து ஒதுக்கி வைத்த பெண்களின் பட்டறை, பள்ளிக்குப் பணமும் பெயரும் சம்பாதித்துக் கொடுத்தது!

ஒரு புகைப்படம்

கட்டடத்துக்குள் ஒரு மாடிப்படி இருக்கிறது. அதில் ஏறும்போது எனக்குக் கால் சற்றுத் தயங்கியது. காரணம், 1927-ம் வருஷத்தில் எடுத்த ஒரு புகைப்படம். லுக்ஸ் ஃபைனிங்கர் என்ற மாணவன் எடுத்தது. இதே படிகளில் நெசவுப் பட்டறைப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். குட்டையாக வெட்டிய தலைமயிர், குறும்பான முகங்கள். உலகமே தங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற தைரியம் அவர்கள் நிற்கும் விதத்திலேயே தெரிகிறது. ஷ்டோல்ஸ்ல் இருக்கிறாள். ஓட்டி பெர்கரும் இருக்கிறாள்.

அந்த ஓட்டி பெர்கரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியும் பிரயோஜனமில்லை.

இன்றைய குரோவேஷியாவில் ஒரு சிற்றூரில் 1898-ல் பிறந்தவள். நோயினால் காது சரியாகக் கேட்காது. அதனால்தானோ என்னவோ, அவளுடைய விரல்களுக்கு அபாரமான கூர்மை. துணியைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும் என்பது அவள் சித்தாந்தம். 1928-ல் ஒரு பலகை செய்தாள். நீண்ட கம்பி வலையில் வழவழப்பு, சொரசொரப்பு, மெத்து என்று விதவிதமான நூல்களை முக்கோணங்களாகக் கோத்து, கீழே நிறக் காகிதங்களைச் செருகினாள். தடவிப் பார்த்துப் படிக்க வேண்டிய சித்திரம் அது. புடவையை வாங்குமுன் முந்தானையை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கும் நம் பாட்டிமார் அவளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்!

பள்ளியை விட்டபின் பெர்லினில் சொந்தமாகப் பட்டறை வைத்தாள். புதுவிதமான நெசவு ஒன்றுக்கு 1934-ல் காப்புரிமையும் பெற்றாள். கம்பெனிகள் அவளிடம் டிசைன் கேட்டு வந்தன. அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: துணியில் என் பெயர் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் 'ஓ. பெ.' என்ற முதலெழுத்துக்களாவது இருக்க வேண்டும். துணி நெய்கிறவளுக்குப் பெயர் எதற்கு என்றிருந்த காலத்தில் எப்பேர்ப்பட்ட துணிச்சல்!

அதற்குள் நாட்டில் இருள் சூழ்ந்துவிட்டது. ஷ்டோல்ஸ்ல் 1929-ல் பாலஸ்தீனத்திலிருந்து வந்து படித்த ஒரு யூத மாணவரை மணந்திருந்தாள். அதனால் ஜெர்மன் குடியுரிமையை இழந்தாள். அவள் வீட்டுக் கதவில் ஸ்வஸ்திகம் கிறுக்கினார்கள். நம் வீட்டு வாசலில் மங்களமாக வரையும் அடையாளம், அங்கே நாஜிக் கட்சியின் மிரட்டல் கடிதம். 1931-ல் கைக்குழந்தையோடு வேலையை விட்டு வெளியேறி, ஸூரிச் நகரம் போய், அங்கே நெசவுத் தொழிலை மறுபடி தொடங்கினாள். 1932-ல் நாஜிகள் கை ஓங்கிய நகரசபை டெஸ்ஸௌ பள்ளியை மூடியது. பெர்லினுக்குப் போன பள்ளி 1933-ல் அங்கும் மூடப்பட்டது. ஆன்னி ஆல்பர்ஸ் அமெரிக்கா போனாள். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவளுடைய நெசவுக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் கௌரவம் அது.

ஓட்டி பெர்கர் யூதப் பெண். 1936-ல் அவளைத் தொழில் செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். லண்டனுக்குப் போனாள். பாஷை தெரியாது, காதும் கேளாது, வேலையும் சரியாக அமையவில்லை. சிகாகோவில் இருந்த பழைய நண்பர்கள் வரச்சொல்லி அழைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஊரிலே தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, 1938-ல் பார்க்கப் போனாள். பெண் அல்லவா, போகாமல் எப்படி இருப்பாள்? போனவள் திரும்ப முடியவில்லை. 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவள் உயிர் பறிக்கப்பட்டது.

அந்தப் படியில் நான் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். மாணவர் கூட்டம் ஒன்று சிரித்துப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி மேலே போயிற்று.

ஒரு தாளும் நாலு நிறமும்

மறுநாள் காலை ஊருக்கு நடுவே இருக்கும் புதிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2019-ல் திறந்தது. அங்கே துணி மாதிரிகளுக்கு முன்னால் நின்று, க்ளே பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அத்தைப்பாட்டிக்காக ஒரு டிசைனைத் தாளில் போட்டேன். எதையும் பார்த்து அப்படியே வரையவில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வாசகியரும் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் ஒரு சதுரம். அதை மூன்று பட்டைகளாகப் பிரிக்க வேண்டும்: ஒன்று அகலம், அடுத்தது அதில் பாதி, மூன்றாவது அதிலும் பாதி. பக்கத்துச் சதுரத்தில் இதையே கால் சுற்றுத் திருப்பிப் போட வேண்டும். இப்படி நான்கு சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டு. அடுத்த கட்டு இதன் கண்ணாடிப் பிம்பம். நிறம் நாலுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று மட்டும் உரக்கப் பேசட்டும், மற்றவை அடங்கியிருக்கட்டும்.

சென்னை வந்ததும் முதல் வேலையாகத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். அத்தைப்பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பூவும் இல்லை, இலையும் இல்லை. ஆனா ஓடறதே!" என்றாள். பிறகு, "யார் போட்டது?" என்று கேட்டாள்.

ரயிலில் அந்த மூதாட்டி கேட்ட அதே கேள்வி! இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. "போட்டது நான். கற்றுக்கொண்டது குன்ட்டா ஷ்டோல்ஸ்ல் என்கிறவளிடம்" என்றேன்.

"குண்டானா?"

"குன்ட்டா, பாட்டி."

"அதெல்லாம் என் வாயிலே வராது. குந்தவைன்னு வச்சுக்கறேன்" என்றாள்.

குந்தவையின் கதையும் தோழியரின் கதையும் முழுக்கச் சொன்னேன். ஓட்டி பெர்கரின் முதலெழுத்து நிபந்தனையைச் சொன்னபோது அத்தைப்பாட்டி ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துத் தையல் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் போனால் தலையணை உறை தயார். என் டிசைனில் இரண்டு இடத்தை மாற்றியிருந்தாள். "இந்த மூலையிலே சிவப்பு தூங்கிண்டிருந்தது, எழுப்பி விட்டேன்" என்றாள். அவள் எழுப்பியது சரிதான். உறையே விழித்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஆவலாக ஓரங்களைப் புரட்டினேன். எங்கேயாவது பெயர் இருக்கிறதா? மேலே ஒன்றும் இல்லை. உறையை உள்வெளியாகத் திருப்பினேன். தையல் மடிப்புக்குள், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில், சிவப்பு நூலில் இரண்டே எழுத்து.

"இதை ஏன் பாட்டி உள்ளே ஒளிச்சு வச்சே?" என்று கேட்டேன்.

"வெளியிலே எதுக்குடி? துவைக்கிறவளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த உறைக்குத் துணியை அளக்க ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் தலையணை உறைகளைத் துவைக்கிறவளும் அவள்தான்.